கேற் தூணில் ஏன் ஒரு லைட் மட்டும் எரிகிறது?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக அக்கரைப்பற்றுக்குப் போகிற பிரதான வீதியில், இரவு ஏழு மணிக்குப் பிறகு பஸ்ஸில் யன்னலோரம் இருந்து பார்த்தால் ஒரு விசயம் கண்ணில் படும். புதிதாகக் கட்டிய வீடு என்றால் உயர்ந்த மதில், அகலமான கேற், கேற்றின் இரண்டு தூண்களிலும் உருண்டை லைட். அதில் ஒன்று எரியும், மற்றது எரியாது. எரிகிறதும் உள்ளே தண்ணீரும் செத்த பூச்சியும் தங்கி மங்கிப்போய்த்தான் இருக்கும். வீட்டுக்காரரைக் கேட்டால் "பல்ப் போயிட்டு" என்பார். புதுப் பல்ப் போடுவார். மழைக்காலம் முடிவதற்குள் அதுவும் போகும்.

பல்பின் மேல் பழி போடுவது நமக்குப் பழக்கம். ஆனால் எல்ஈடியில் ஒளி தருகிற சில்லு லேசில் சாகாது. பழைய இழை மின்குமிழ் 1000 மணித்தியாலம் எரிந்தாலே போதும் என்றிருந்தது. நல்ல எல்ஈடிக்கு 15,000, 25,000 மணித்தியாலம் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. முதலில் போவது அதைச் சுற்றியிருப்பவை: ஹோல்டரின் தகடு, வயர் மூட்டு, மூடியைப் பிடிக்கிற ஸ்குரூ, பல்பின் அடியில் இருக்கிற சின்ன மின்சுற்று. நம்முடைய கரையில் இவை அத்தனையையும் தின்பது உப்பு.

அலை உடையும்போது தெறிக்கிற நுண்துளிகளைக் காற்று தூக்கிக்கொண்டு வருகிறது. கரையை ஒட்டிய முதல் சில நூறு மீற்றருக்குள் அதிகம் படியும், உள்ளே போகப் போகக் குறையும். ஆனால் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று நீளும் எழுவான்கரை ஒரு ஒடுங்கிய நிலப்பட்டி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. "கடலிலிருந்து தள்ளித்தானே வீடு" என்று சொல்வதற்கு இங்கே பெரிய அர்த்தமில்லை. வாடைக் காற்றுக் காலத்தில் உப்பும் மழையும் ஒன்றாக வருகின்றன. கச்சான் வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து வருவதால் கொஞ்சம் ஓய்வு.

உப்பின் இன்னொரு குணம்தான் ஆபத்து. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். மழையில்லாத மாதங்களிலும் பல இரவுகளில் நம்மூர்க் காற்று அந்த அளவைத் தாண்டுகிறது. லைட்டின் மேல் படிந்த உப்பு ஒவ்வொரு இரவும் நனைகிறது, பகலில் காய்கிறது. இரும்பு ஸ்குரூவும் அலுமினிய உடம்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இந்த உப்புநீர் பட்டால் அது ஒரு சின்ன பற்றரி மாதிரி வேலை செய்யும். அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும், ஸ்குரூ இறுகிக் கழற்ற முடியாமல் போகும். இலெக்ட்ரீசியன் வந்து ஸ்குரூவைக் கழற்றப் பார்க்க, மூடியே உடைந்து கையோடு வரும்.

அதனால் கரையோரத்தில் வெளிவிளக்கு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் உடம்பு. எத்தனை வாட் என்பது அதற்குப் பிறகு. பெயின்ட் பூசிய அலுமினியம் கீறல் விழும் வரைக்கும் நல்லது. கீறினால் அந்த இடத்திலிருந்து கொப்பளிக்கும். மெல்லிய இரும்புத் தகட்டில் கறுப்புப் பெயின்ட் அடித்து "ராஜஸ்தான் டிசைன்" என்று விற்கிற தொங்கு விளக்குகளைக் கண்டி, நுவரெலியாக்காரர் வாங்கட்டும். நாங்கள் வாங்கினால் மதிலில் துருக்கோடு வடிவதைத்தான் பார்க்கலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றாலும் 304, 316 என்று தரம் உண்டு. 316 இல் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைத் தாங்கும். 304 இல் பழுப்புப் புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. விலையைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பித்தளை நல்ல தெரிவு. பச்சை பிடிக்கும், கறுக்கும், ஆனால் உளுத்துப்போகாது. தடித்த பிளாஸ்ரிக் உடம்பு அழகில் ஒரு படி குறைவுதான். என்றாலும் கடற்கரைக்கு அது அலுமினியத்தைவிடப் பொருத்தம் என்பதே என் அபிப்பிராயம். வெயிலில் மஞ்சளாகாத வகையா என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, உருண்டைக்குள் தண்ணீர் எப்படிப் போனது? மேலேயிருந்து ஒழுகியிருக்கும் என்று நினைத்து எல்லாரும் சிலிக்கோன் அடிக்கிறோம். ஆனால் லைட் மூச்சு விடுகிறது. எரியும்போது உள்ளே சூடாகி, காற்று விரிந்து, ஏதோ ஒரு இடுக்கால் வெளியே போகிறது. அணைத்ததும், அல்லது திடீரென்று மழை பட்டதும், உள்ளே குளிர்ந்து காற்றை உள்ளிழுக்கிறது. அப்போது ஈரமும் சேர்ந்து போகும். வயர் நுழைகிற ஓட்டைதான் பெரும்பாலும் அந்த மூக்கு. உள்ளே போன ஈரம் கண்ணாடியில் துளியாகி அடியில் தேங்கும். மேலே எவ்வளவு சிலிக்கோன் அடித்தாலும், தேங்கிய தண்ணீர் வெளியேற வழியும் அடைபட்டு நிலைமை மோசமாகத்தான் ஆகும். வயர் கீழிருந்து நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒரு வளைவு தொங்க வேண்டும், மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நுழைகிற இடத்தில் இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் வளையம் வேண்டும். இவை நூறு, இருநூறு ரூபாய்ச் சாமான்கள்தான். வேலை செய்பவருக்குப் பொறுமை வேண்டும்.

மூடிய உருண்டைக்குள் சூடும் தங்கும். எல்ஈடியின் மின்சுற்றிலுள்ள கப்பாசிற்றருக்குப் பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லாரும் சொல்லும் தோராயக் கணக்கு. 12 வாட் போட்டு இரண்டு தடவை மாற்றுவதைவிட 5 வாட் போட்டு மறந்துவிடலாம்.

கடைத்தெருவில் நடக்கும் உரையாடல் இப்படித்தான் இருக்கும்:

"தம்பி, இதுக்குள்ள தண்ணி போகாதா?"

"போகாது நானா, வாட்டர்புரூப்."

வாட்டர்புரூப் என்ற சொல்லை நம்பாமல் பெட்டியில் ஐபி என்று தொடங்கும் இலக்கத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு இலக்கங்கள். முதலாவது தூசுக்கு, அதிகபட்சம் 6. இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி 44 என்றால் எல்லாப் பக்கமும் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். விறாந்தைக் கூரையின் கீழ் போதும். ஐபி 65 குழாயால் பீச்சினாலும் தாங்கும். மதிலுக்கும் மரத்துக்கும் அது வேண்டும். ஐபி 67 ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் தாங்கும். நிலத்தில் பதிக்கிற லைட்டுக்கு அதற்குக் குறைந்தது கூடாது. அதுகூட மார்கழி மழைக்கு நாள்கணக்கில் தண்ணீர் நிற்கிற வளவுக்குப் போதாது, அங்கே 68. இந்த இலக்கங்கள் எதுவும் உப்பைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ ஒன்றும் சொல்வதில்லை. நன்னீரில் சோதித்துத் தந்த சான்று அது.

பயம், பெருமை, வெளிச்சம்

விளக்கை வீட்டுக்கு வெளியே வைப்பது நமக்குப் புதிதில்லை. கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் வாழைக்குற்றி நட்டுச் சிட்டி ஏற்றுகிறோம். கோயில் திருவிழா என்றால் வீதி நீளத்துக்குச் சோடனை. கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு மினாராவிலிருந்து வீதி வரை மின்குமிழ் மாலை. நத்தாருக்கு நட்சத்திரம், வெசாக்குக்கு அம்பாறை நகரில் கூடுகள். இவை நாள் பார்த்து ஏற்றி, நாள் முடிய இறக்குகிறவை. வருசம் முழுக்க வெயிலிலும் மழையிலும் நின்று எரிகிற அலங்கார விளக்குத்தான் புதிது.

இருட்டியதும் விளக்கைத் தணித்துக் கதவைச் சாத்திக்கொண்ட ஆண்டுகளைக் கடந்து வந்த ஊர்கள் இவை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பல கிராமங்களுக்கு மின்கம்பி போனதே 2007க்குப் பிறகுதான். 2011 ஓகஸ்ட்டில், உடம்பில் கிறீஸ் பூசிய ஆள் இரவில் வளவுக்குள் வருகிறான் என்ற கிறீஸ் பூதம் பீதி கிழக்கெங்கும் பரவியபோது, பின்வளவிலும் கிணற்றடியிலும் ஒரு லைட் வேண்டும் என்ற எண்ணம் வீட்டுக்கு வீடு வந்தது. இன்னொரு பக்கம், மத்திய கிழக்கில் உழைத்து, மகளுக்குச் சீதனமாகக் கட்டுகிற வீடு. அதன் கேற் வீதிக்குத் தெரிய வேண்டும். நம்மூர் வெளிவிளக்கு பயத்துக்கும் பெருமைக்கும் பிறந்த பிள்ளை. வெளிச்சம் கூடக் கூட நல்லது என்ற நினைப்பு அதோடேயே வந்தது.

அந்த நினைப்பின் உச்சம் போர்ட்டிக்கோ முகட்டில் வீதியைப் பார்த்து மாட்டியிருக்கிற 50 வாட் வெள்ளை ஃபிளட் லைட். வீட்டுக்கு வருகிறவர் அதை நேரே பார்க்கிறார். கண்மணி சுருங்குகிறது. லைட் தெரிகிறது, அதன் பின்னால் நிற்கிற ஆள் தெரிவதில்லை, படி தெரிவதில்லை, மதிலின் உட்பக்கத்தில் விழுகிற நிழல் தார் பூசினாற்போல் கறுத்துவிடுகிறது. ஒளியும் இருளும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றனவோ அவ்வளவுக்கு இருட்டுப் பக்கம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கள்ளனுக்குப் பயந்து போட்ட லைட் கள்ளன் நிற்க நிழல் செய்து கொடுக்கிறது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிசம் வேண்டும். ஒரு தடவை அந்த ஃபிளட் லைட்டைப் பார்த்தால் பழகியது அத்தனையும் போய்விடும். வயது போனவர்களுக்கு இது இன்னும் கடினம்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? பறுவ நிலவு தரையில் தருவது சுமார் கால் லக்ஸ்தான் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழுகிற வெளிச்சத்தின் அளவு). அதில் முற்றத்தில் நடக்கலாம், ஆளை அடையாளம் காணலாம். படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் 5 இலிருந்து 10 லக்ஸ் தாராளம். அலுவலக மேசைக்குத்தான் 300, 500 வேண்டும். முழங்கால் உயரத்தில், கீழே பார்த்து, 100 லூமன் அளவு ஒளி தருகிற ஒரு லைட் (ஒரு வாட், ஒன்றரை வாட் எல்ஈடி) சில அடிக்கு ஒன்று இருந்தால் பாதை துலங்கும். கல்லடி, நாவலடிப் பக்கத்து வெள்ளை மணல் முற்றத்துக்கு அதிலும் குறைவு போதும், மணலே ஒளியைத் திருப்பித் தரும். கறுத்த இன்டர்லொக் கல் போட்டவர்கள் அந்த இலாபத்தை இழந்தவர்கள்.

விளக்கு தெரியக்கூடாது, விளக்கு காட்டுகிற பொருள் தெரிய வேண்டும். வெளிச்சோடனையில் நான் பார்த்தவரைக்கும் இதைவிடப் பெரிய இரகசியம் இல்லை. கூரை விளிம்பின் உட்பக்கம், பூச்சாடியின் பின்புறம், படியின் மூக்குக்குக் கீழே, மதிலின் கல்லடுக்குக்குள் என்று விளக்கை மறைத்துவிட்டால், குறைந்த வாட்டே நிறைந்து தெரியும். கல் பதித்த சுவர் இருந்தால் அதை ஒட்டி மேலிருந்து ஒரு விளக்கு வழிந்தால் போதும், ஒவ்வொரு கல்லின் மேடு பள்ளமும் எழும். மட்டமாகப் பூசிய சுவரில் அதையே செய்தால் மேசன் விட்ட பிழை எல்லாம் எழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிறமும் முக்கியம். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளக்கிறார்கள்: குப்பி விளக்கின் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின், பழைய இழை மின்குமிழ் 2700, டேலைட் என்று விற்கிற எல்ஈடி 6500. இலக்கம் ஏற ஏற நீலம் கூடும். கரண்ட் வந்த காலத்தில் டியூப் லைட்டின் வெள்ளைதான் கரண்டின் நிறம் என்று மனதில் பதிந்துவிட்டது. மஞ்சள் லைட் என்றால் வோல்டேஜ் குறைவு என்று நினைக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் இரவில் சுவருக்கும் ஓட்டுக்கும் முகத்துக்கும் 2700, 3000தான் எடுபடும். 6500 அடித்த வெள்ளைச் சுவர் ஆஸ்பத்திரி வாசல் மாதிரி ஆகிவிடும். இலைக்கு மட்டும் 4000 வரை போகலாம், பச்சை பச்சையாகத் தெரியும். செவ்வரத்தையும் குரோட்டனும் வைத்திருப்பவர்கள் பெட்டியில் சிஆர்ஐ என்ற, நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்கிற இலக்கத்தையும் பார்க்கட்டும். 80க்குக் கீழே போனால் சிவப்பு மண்ணிறமாகத் தெரியும்.

மரத்துக்கு மரம் விளக்கும் வேறு. தென்னைக்கு 10, 15 பாகை ஒடுங்கிய கற்றை. அடியிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து மேலே விட்டால் தண்டில் ஏறி ஓலையின் அடியில் விரியும். மாவுக்கும் வேம்புக்கும் 40 பாகைக்கு மேல் அகன்றது வேண்டும், ஒன்று போதாது, இரண்டு வேண்டும். எல்லா மரத்துக்கும் போடக்கூடாது. ஒரு வளவில் ஒரு மரம், மிஞ்சிப்போனால் இரண்டு. மற்றவை இருட்டில் நிற்கட்டும். அப்போதுதான் ஒளி விழுந்த மரம் மரமாகத் தெரியும். தென்னைக்குக் கீழே வைக்கிற லைட்டின் மேல் தேங்காய் விழும் என்பதையும் யாராவது முன்கூட்டிச் சொல்வது நல்லது.

வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கத்தில் இந்தப் பேச்சு எடுபடாது. அங்கே வெளிவிளக்கு யானைக்காக. லைட்டுக்கு யானை பயப்படும் என்பது முதல் சில நாளைக்கு உண்மையாக இருக்கலாம். பழகிவிட்டால் ஃபிளட் லைட்டின் கீழேயே வாழையை முறிக்கும். அங்கே விளக்கு செய்கிற உபகாரம் யானை நிற்பதை நமக்குக் காட்டுவது. அதற்கு வேலியைப் பார்த்து வெளியே விழுகிற ஒளியும், வீட்டுப் பக்கம் இருட்டும் வேண்டும்.

நூறு வாட் சோலார்

இப்போது கடை நிறையச் சோலார் லைட். வயர் இழுக்க வேண்டாம், பில் வராது, கரண்ட் போனாலும் எரியும். 2022 இல் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த நாள்களில் பலர் வாங்கினார்கள், அது நியாயமும்கூட. ஆனால் பெட்டியில் அச்சடித்திருக்கிற வாட் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றரில் விழுவது சுமார் 1000 வாட். நல்ல பனல் அதில் ஐந்தில் ஒன்றை மின்சாரமாக்கும், 200 வாட். 15 சென்ரிமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் பனல் என்றால் அதன் பரப்பு 0.015 சதுர மீற்றர். கிடைப்பது 3 வாட். நல்ல வெயில் நாளில் ஐந்து மணித்தியால உச்சி வெயிலுக்குச் சமமாகச் சேர்ந்தால் 15 வாட்-மணி. உண்மையிலேயே அது 100 வாட் லைட்டாக இருந்தால் ஒன்பது நிமிசத்தில் அணைந்துவிடும். விடிய விடிய எரிகிறது என்றால் அது எரிவது ஒரு வாட் அளவில்தான். "100 வாட்" என்பது பெட்டிக்கு வைத்த பேர்.

புல்லில் குத்துகிற சின்னச் சோலார் லைட்டின் நிலை இன்னும் எளிமை. உள்ளே 1.2 வோல்ட், 600 மில்லிஅம்பியர்-மணி பற்றரி ஒன்று. முழுதாக நிரம்பினாலும் முக்கால் வாட்-மணிகூட இல்லை. அது பாதைக்கு ஓரம் காட்டும், பாதையைக் காட்டாது. அழகுக்கு அது போதும். ஆனால் நிழலில் குத்தக்கூடாது, பனலில் படிகிற உப்பையும் தூசையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், ஒன்றிரண்டு வருசத்தில் பற்றரி களைத்துவிடும். பலர் அப்போது லைட்டையே வீசிவிடுகிறார்கள். அடிமூடியைக் கழற்றினால் அதே அளவு ரீசார்ஜ் பற்றரி போடலாம், கடையில் கிடைக்கும். வாடை தொடங்கி வானம் மூடிக்கிடக்கிற கார்த்திகை, மார்கழியில் இப்படியான சோலார் லைட் பெரும்பாலும் பாதி இரவு தாண்டாது. விளக்கீடு வருவதும் கார்த்திகையில்தான்.

மண்ணும் மழையும் மின்சாரமும்

வளவுக்குள் வயர் இழுப்பதற்கு இரண்டு வழி. 230 வோல்ட்டையே கொண்டுபோவது, அல்லது வீட்டுக்குள் டிரான்ஸ்போமர் வைத்து 12 வோல்ட்டாக்கிக் கொண்டுபோவது. பிள்ளைகள் ஓடி விளையாடுகிற, மண்வெட்டி விழுகிற, தண்ணீர் நிற்கிற வளவுக்கு 12 வோல்ட் எவ்வளவோ மேல். வெட்டுப்பட்டாலும் ஆளைக் கொல்லாது. மீன்தொட்டி, நீரூற்று என்றால் 12 வோல்ட்டைத் தவிர வேறெதையும் நினைக்கவே கூடாது.

ஆனால் 12 வோல்ட்டுக்கு ஒரு பலவீனம், தூரம். அதே 60 வாட்டுக்கு 230 வோல்ட்டில் கால் அம்பியர் போதும். 12 வோல்ட்டில் 5 அம்பியர் ஓட வேண்டும். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் அந்த 5 அம்பியரும் 30 மீற்றர் தூரம் போய்த் திரும்பினால் 3.6 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். கடைசி லைட்டுக்கு எட்டரை வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் போய்ச் சேரும். முதல் லைட் பளிச்சென்று, கடைசி லைட் சோர்ந்து எரிவதன் காரணம் இது. "சைனாச் சாமான்" என்று திட்டுவதில் பயனில்லை. தடித்த வயர் போட வேண்டும், அல்லது டிரான்ஸ்போமரை வளவின் நடுப்பக்கத்துக்குக் கொண்டுபோய் நாலு திசைக்கும் பிரிக்க வேண்டும்.

230 வோல்ட்டில்தான் போகிறோம் என்றால், கரண்ட் கசிந்தால் தானே விழுகிற ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் ஒரு லைட்கூட வெளியே போகக்கூடாது. நம்மூர் மணல் இதில் தனிக் காரணம். வீட்டுக்கு வெளியே அடித்திருக்கிற ஏர்த் கம்பி காய்ந்த மணலில் நல்ல தொடுப்புக் கொடுக்காது. அதன் தடை 100 ஓம் என்று வைத்துக்கொண்டால், லைட்டின் உலோக உடம்பில் கரண்ட் கசிந்தாலும் மண்ணுக்குள் ஓடுவது 2.3 அம்பியர்தான். 6 அம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு கணக்கே இல்லை, விழாது. தூணில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும், கை வைக்கிறவருக்காக. ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே விழும். ஆவணி, புரட்டாதியில் ஏர்த் குழிக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்கிற பழைய வழக்கத்துக்கும் அறிவியல் இதுதான்.

மழை பெய்தால் ட்ரிப் விழுகிறது, வீடு முழுக்க இருட்டாகிறது என்று அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரே கொடுத்த வீடுகள் உண்டு. காவல் நாய் குரைக்கிறது என்று நாயை அவிழ்த்துவிடுகிற வேலை அது. வெளி லைட்டுகளுக்கென்று தனி ட்ரிப் சுவிட்ச், தனி இணைப்பு வைத்தால், மழைக்கு வெளிப்பக்கம் மட்டும் விழும், வீட்டுக்குள் குளிர்சாதனப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். கசிகிற லைட் எது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கண்டுபிடிக்கவும் வசதி. ஐப்பசி இடிமுழக்கக் காலத்தில் மின்னல் இழுத்து எல்ஈடி மின்சுற்றுகள் கூட்டமாகச் சாவதைத் தடுக்க, அதே பெட்டியில் சேர்ஜ் புரொடெக்டர் ஒன்றும் வைக்கலாம்.

கலியாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் வாடகைக்கு எடுக்கிற மின்குமிழ் மாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பல வருசம் சுற்றிச் சுற்றி எடுத்த வயர், இடையில் டேப் சுற்றிய மூட்டு, அதைத் தகரப் பந்தலிலும் இரும்புக் கேற்றிலும் கட்டுகிறோம். வயரின் தோல் உரிந்த ஓரிடம் தகரத்தைத் தொட்டால் பந்தல் முழுவதும் கரண்ட். தகரத்துக்கும் வயருக்கும் இடையில் காய்ந்த தடியோ கயிறோ இருக்க வேண்டும், மாலையைச் சொருகுகிற பிளக் ட்ரிப் சுவிட்சுக்குள் இருக்க வேண்டும், மூட்டு தரையில் கிடக்கக்கூடாது.

லைட்டுக்கு வருகிறவை

முதல் மழைக்கு ஈசல் வரும்போது எல்லாரும் லைட்டை அணைக்கிறோம். பூச்சி ஏன் வருகிறது என்பதற்குப் பல கதைகள் உண்டு. 2024 இல் வெளியான ஆய்வு ஒன்று அதிவேகக் கமராவால் படம் பிடித்துப் பார்த்துச் சொன்னது: பறக்கிற பூச்சி தன் முதுகை ஒளியின் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறது. வானம்தான் ஒளி என்று பழகிய உடம்பு அது. லைட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் எது மேல் எது கீழ் என்று குழம்பிச் சுற்றிச் சுற்றி அங்கேயே மாட்டிக்கொள்கிறது. நீலமும் ஊதாவும் கலந்த ஒளிக்குப் பூச்சி அதிகம், மஞ்சள் ஒளிக்குக் குறைவு. 2700 கெல்வினுக்கு இது இன்னொரு நல்ல வார்த்தை.

வயலை ஒட்டி வீடு உள்ளவர்களுக்கு இது விளையாட்டில்லை. நெல்லைத் தாக்குகிற அறக்கொட்டியான் வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி. அதைப் பிடிக்கவும் எண்ணவும் ஒளிப்பொறி வைப்பது அதனால்தான். வயலைப் பார்த்து இரவு முழுக்க எரிகிற வெள்ளை ஃபிளட் லைட்டும் ஒளிப்பொறிதான், பிடிக்கிற தட்டு மட்டும் இல்லை.

கடற்கரையோரத்தில் இன்னொருவர் இருக்கிறார். இலங்கைக் கரைகளில் முட்டையிடுகிற ஐந்து வகைக் கடலாமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. குஞ்சு மணலைப் பிளந்து வெளியே வந்ததும் எந்தப் பக்கத்து அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில் அது கடல். பொத்துவில், அறுகம்பை, பாணமைப் பக்கம் கடலைப் பார்த்து வெள்ளை லைட் போட்ட விடுதியோ வீடோ இருந்தால், குஞ்சு வீதியை நோக்கி ஓடி நாய்க்கும் நண்டுக்கும் போகும். கடலுக்குத் தெரியாதபடி தாழ்வான, மறைப்புள்ள, செம்மஞ்சள் விளக்கு வைத்தால் ஆமைக்கும் நல்லது, கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற விருந்தாளிக்கும் அலை தெரியும்.

பக்கத்து வீட்டு யன்னலையும் ஆமைக்குஞ்சின் கணக்கில் சேர்த்துக்கொண்டால் பல மதில் சண்டைகள் குறையும்.

பில்லும் பைப்பும்

பில் கணக்கு சுருக்கமானது. 150 வாட் ஹலஜன் இரண்டு, நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 45 யூனிட். 5 வாட் எல்ஈடி பத்து அதே நேரம் எரிந்தால் ஏழரை யூனிட். நம்முடைய வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. ஒரு படியைத் தாண்டினால் கூடின யூனிட்டுக்குக் கூடின விலை, நிலைக்கட்டணமும் ஏறும். 45 யூனிட் ஒரு வீட்டை இலேசாக அடுத்த படிக்குத் தள்ளும். பொழுதுபட்டால் தானே எரிந்து விடிந்தால் தானே அணைகிற சென்சர் வசதிதான், ஆனால் அலங்கார விளக்கு விடியும் வரை எரிய வேண்டிய தேவை என்ன? பத்து மணிக்கு மேல் வீதியில் பார்ப்பதற்கு ஆளில்லை. அலங்காரத்துக்கு டைமர், கேற்றடிக்கும் பின்வளவுக்கும் ஆள் நடந்தால் எரிகிற சென்சர் என்று பிரித்துவிட வேண்டும். அந்தச் சென்சர் உடம்புச் சூட்டுக்கும் சுற்றுச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. புழுக்கமான நம்மூர் இரவில் பெட்டியில் போட்டிருக்கிற 12 மீற்றர் தூரத்தை எதிர்பார்க்கக்கூடாது. கரண்ட் போய் வந்ததும் மணி தவறுகிற டைமரையும் வாங்கக்கூடாது, உள்ளே சின்ன பற்றரி உள்ளதா என்று கேட்க வேண்டும்.

வீடு இன்னும் கட்டி முடியவில்லை என்றால் லைட்டைப் பற்றி இப்போது யோசிக்கவே தேவையில்லை. முற்றத்துக்கு இன்டர்லொக் கல்லோ கொங்கிறீற்றோ போடுவதற்கு முன், மெயின் சுவிட்ச் பெட்டியிலிருந்து கேற் தூண்கள் வரை, மாமரத்தடி வரை, கிணற்றடி வரை வெறும் பிவிசி பைப்பைப் புதைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நைலோன் கயிற்றை விட்டு, இரு முனையையும் மூடி வைத்தால் போதும். ஒன்றரை அடி ஆழம், மேலே ஒரு வரி செங்கல், பைப் போகிற வழியைக் கைத்தொலைபேசியில் ஒரு படம். இந்த வேலைக்குப் போகிற காசு ஒரு நல்ல கேற் லைட்டின் விலையைத் தாண்டாது. லைட்டைச் சீட்டுக் காசு விழுந்த பிறகு, வீட்டில் இரண்டு மாதம் இருந்து, இரவில் எந்த இடத்தில் கால் தடுமாறுகிறது, எந்த மரம் படுக்கையறை யன்னலிலிருந்து தெரிகிறது என்று பார்த்த பிறகு வாங்கலாம்.